பச்சை ஒயரில் இரண்டு முடிச்சு

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில், மடிமேல் ஒரு ராக்கெட்டை நட்டுக்குத்தலாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நின்றால் இடுப்பு உயரம் வரும். மஞ்சள் வேட்டியால் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் இடப்பக்கம் சாய்ந்தது. நான் வலப்பக்கம் சாய்ந்தேன். ராக்கெட் சாயவில்லை. நான் சாயவிடவில்லை.

சாய்ந்தால் வெடிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரம் அன்வர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். உரித்த தோல் காற்றில் திரும்பி வந்து என் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடக்கூட எனக்குக் கை இல்லை.

"இன்னா மச்சான், மூஞ்சி பேஸ்து அடிச்சாப்ல கீது?" என்றான்.

"அன்வரு, அந்த முடிச்சுங்க…"

"அதான் சொன்னேனே. ஒரு முடிச்சு போட்டது சத்தத்துக்கு. ரெண்டு முடிச்சு போட்டது குடைக்கு. அத மட்டும் தொட்றாத."

"தொட்டுட்டேன்."

"இன்னாது?"

"காலைல பாத்தேன். ஒயரெல்லாம் முடிச்சு முடிச்சா கன்றாவியா இருந்துச்சு. எல்லாத்தையும் அவுத்து, நீவி, அழகா திரும்ப முறுக்கி வுட்டுட்டேன்."

அன்வர் வாயிலிருந்த கடலையை மெல்லுவதை நிறுத்தினான். அவன் எதற்காகவும் மெல்லுவதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகப் பயப்பட ஆரம்பித்தேன்.

பயத்தில் நான் முதல் வகுப்பு

போன வாரம் நான் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, "ஒரு மனிதன் இவ்வளவு பயப்படுவானா, சும்மா எழுதுகிறீர்கள்" என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஐயா, நான் குறைத்து எழுதுகிறேன். ஊசி போட வந்த கம்பவுண்டரைப் பார்த்து, அவர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைப்பதற்குள் மயங்கி விழுந்தவன் நான். பௌதிகத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. பயத்தில் மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு முதல் வகுப்பு தரும்.

அன்வர் நேர் எதிர். வாணியம்பாடிக் கல்லூரியில் என் பக்கத்துப் பெஞ்சு. ஆலங்காயத்தில் அவன் அப்பாவுக்கு மைக் செட்டு, சீரியல் செட்டு வாடகைக்கு விடும் கடை. கல்யாணப் பந்தலில் நாலாயிரம் பல்பும் அணைந்து, மாப்பிள்ளை இருட்டில் யார் கழுத்தையோ தேடிக்கொண்டிருக்கும்போது, தூணில் ஏறி ஒயரைப் பல்லால் கடித்து இணைப்பவன். ஷாக் அடித்தால் "அரே" என்பான். அவ்வளவுதான்.

எங்கள் இரண்டு பேருக்கும் பட்டம் இருந்தது, வேலை இல்லை. நம் நாட்டு ராக்கெட்டுகளைப் பற்றிப் பேப்பரில் படம் போட்டு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மைக் செட்டுக் கடை மாடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அன்வர் திடீரென்று சொன்னான்.

"நம்மளும் வுட்லாம் மச்சான்."

முதல் ராக்கெட் மேலே போகவில்லை, நேராகப் போனது. எதிர்வரிசையில் இருந்த தையல்கடைக்குள் புகுந்து, தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டது. விசாரிக்க வந்த ஏட்டு நல்ல மனிதர். "ஆள் இல்லாத எடமாப் பாத்து வுட்டுக்கங்கப்பா" என்றார். ஆள் இல்லாத இடம் என்றால் ஆலங்காயத்துக்காரனுக்குத் தெரிந்த ஒரே இடம் ஜவ்வாது மலை. மலையில் ஆள் உண்டு என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஊசி மருந்துச் சீசா

இரண்டாவது ராக்கெட்டை மாதக்கணக்கில் செய்தோம். உடம்பு, சார்ட் பேப்பரைப் பசை தடவிச் சுருட்டியது. மூக்கு, கட்டில் கால் கடைகிற ஆசாரி கடைந்து தந்தது. அடியில் வைக்கும் மருந்துக் குழலை, திருவிழாவுக்கு வாணம் விடுகிறவர் கட்டிக் கொடுத்தார். இதெல்லாம் உடம்பு. உயிர் என்று அன்வர் சொன்னது ஒயரிங்கை.

அது சுலபம்தான். ராக்கெட் உச்சிக்குப் போய்க் கவிழும்போது, அதை மெதுவாக இறக்கப் பாராசூட் மாதிரி ஒரு குடை விரிய வேண்டும். அதற்காக ஒரு காலி ஊசி மருந்துச் சீசாவில், உடைந்த தெர்மாமீட்டர்களிலிருந்து சேர்த்த பாதரசத்தை ஊற்றி, ரப்பர் மூடி வழியாக இரண்டு குண்டூசி செருகியிருந்தோம். நிமிர்ந்து இருக்கும்வரை பாதரசம் அடியில் கிடக்கும். கவிழ்ந்தால் ஓடிவந்து இரண்டு ஊசியையும் தொடும். கரண்ட் பாயும். கண்ணாடி உடைத்த டார்ச் பல்பின் இழை சிவக்கும். பக்கத்தில் வைத்த சிட்டிகை மருந்து பற்றி, மூக்கைத் தள்ளிவிடும். கல்யாண மேடைக்குக் கட்டுகிற ரோஸ் கலர் நைலான் துணியில் தைத்த குடை வெளியே வரும்.

இன்னொரு பக்கம், ஒற்றை டிரான்சிஸ்டரில் ஒரு குட்டி ஒலிபரப்பு. ரேடியோவில் சிலோன் பாட்டுக் கேட்கும் இடத்துக்குச் சற்று முன்னால் முள்ளை வைத்தால் 'கீ… கீ… கீ…' என்று கேட்கும்.

இரண்டுக்கும் தனித்தனி பாட்டரிக் கட்டு. குடைக்குப் புது செல். சத்தத்துக்கு, டார்ச்சில் உழைத்துக் களைத்த பழைய செல். "ரெண்டு நிமிஷம் கத்துனா போதும் மச்சான், அதுக்கு எதுக்குப் புது செல்லு?" என்பது அன்வரின் சிக்கனம். இரண்டு கட்டுக்கும் கறுப்பு டேப் சுற்றியதால், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

ஒயரோ சீரியல் செட்டு ஒயர். எல்லாமே பச்சை. கடையில் எந்த ஒயர் எதற்கு என்று தெரிய முடிச்சுப் போட்டு வைப்பார்கள். வாழைமரத்துக்கு ஒரு முடிச்சு, மேடைக்கு இரண்டு முடிச்சு. அன்வருக்கு அது கை பழகிய எழுத்து. நான் அதைச் சிக்கு என்று நினைத்தேன்.

பாதுகாப்புக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. இயர்போன் பின் ஒன்றை ராக்கெட்டின் விலாவில் சொருகியிருப்போம். அது உள்ளே இருக்கும்வரை எதற்கும் கரண்ட் போகாது. ஆனால் நான் முறுக்கிய முறுக்கலில், அந்தப் பின் இன்னமும் எதையாவது காவல் காக்கிறதா, சும்மா நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் நான் பஸ்ஸில் சிலையாக உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சள் துணியின் மகிமை

"ஒண்ணும் ஆவாது. ஆனா சாய்க்காத" என்றான் அன்வர். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொன்னவன், மெதுவாக என்னைவிட்டு இரண்டு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்த வளைவில் பஸ் சாய்ந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மார்போடு ராக்கெட்டை அணைத்து, கண்ணை மூடி, உதடு துடிக்க நின்றேன். உண்மையில் நான் கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்களுக்கு அது வேறாகத் தெரிந்திருக்கிறது.

முன் சீட்டில் காலிக் கூடையோடு இருந்த மலைக்காரப் பெண்மணி திரும்பினார். கீழே புளி விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர். சின்னப்பாப்பா என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது.

"இன்னா சாமி, வேண்டுதலா?"

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் என்ன கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

"கலசமா? எந்தக் கோயிலுக்கு?"

அன்வர் முந்திக்கொண்டான். "மேல கட்றதும்மா. உச்சிக்கு."

பொய் சொல்லவில்லை அவன்.

"கூட பாயும் வர்றாரு, பாரேன். பெரிய சாமியாத்தான் இருக்கும்" என்றார் பின்னால் ஒருவர். சீட்டில் இருந்தவர்கள் ஒதுங்கி எனக்கு இடம்விட்டார்கள். கண்டக்டர் டிரைவரிடம் கத்தினார்: "அண்ணே, பாத்து ஒடிங்க! சாமி வருது!"

சின்னப்பாப்பா, கீழே வாங்கி வந்த கனகாம்பரத்தில் ஒரு முழம் கிள்ளி, மஞ்சள் துணியின் கழுத்தில் சுற்றிக் கட்டினார். கட்டிவிட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் விரல் பட்டு ராக்கெட் லேசாக ஆடியபோது என் உயிர் ஒருதரம் வெளியே போய் மலைக்காற்று வாங்கிவிட்டு வந்தது.

அன்வர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்து அவன் காலை மிதித்தேன். திரும்பினான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் கண் வேறு மாதிரி இருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஜோலார்பேட்டையில் அவன் பம்பாய் ரயில் ஏற வேண்டும். பம்பாயிலிருந்து துபாய். மாமா அனுப்பிய விசா. பெட்டி கட்டி, கயிறு போட்டு, கூடத்தில் வைத்தாகிவிட்டது. அன்றைக்குப் பறக்காவிட்டால் அந்த ராக்கெட் பறக்கவே போவதில்லை. அந்த மடத்தனத்தை எங்களில் யாரும் தனியாகச் செய்ய மாட்டோம். சாயங்காலம் அதே பஸ் திரும்பி வரும். அதுதான் கடைசி பஸ்.

டீக்கடை அடுப்பில்

ஜமுனாமரத்தூருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினோம். சின்னப்பாப்பாவும் அங்கேதான் இறங்கினார். நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, இரண்டு நாய், ஒரு புளியமரம். கரண்ட் கம்பம் கண்ணுக்கெட்டியவரை இல்லை.

துணியை அவிழ்த்ததும் சின்னப்பாப்பா பார்த்தார்.

"இது இன்னாடா, வாணம்!"

"ஆமாம்மா. பெரிய வாணம்" என்றேன்.

நியாயமாகத் திட்டியிருக்க வேண்டும். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அதை மேலும் கீழும் அளந்தார். "எம்மாம் ஒசரம் போவும்?"

"தெரியாதும்மா."

"இங்க வுட்டா டீக்கடை கூரை பத்திக்கும். எங்க கொல்லையில வுடு. சாமை அறுத்தாச்சு, சும்மாதான் கெடக்குது. ஆனா பூவை எடுக்காத. கட்டுனது கட்டுனதுதான்."

முதலில் ஒயரைச் சரிசெய்ய வேண்டும். ஒயரில் ஈயம் பற்றவைக்கும் செப்புக் கட்டையை அன்வர் டீக்கடை அடுப்பில் செருகினான். பால் பொங்கும் வாசனையோடு ஈயமும் பேஸ்ட்டும் உருகும் வாசனை கலந்தது. அந்தக் கலவையை இந்த வயதில் எங்காவது முகர்ந்தால் நான் நடந்துகொண்டிருப்பதை மறந்து நின்றுவிடுவேன். இரண்டு தடவை மோட்டார் பைக்காரர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

மருந்தை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல பல்பு ஒன்றைப் போட்டு, பின்னோடு அப்படியே தலைகீழாக்கினான். பல்பு எரியவில்லை. பின்னை உருவிவிட்டுக் கவிழ்த்தான். எரிந்தது. காவல் சரி. பஸ்ஸில் நான் பட்ட பாடு அத்தனையும் வீண். கவிழ்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

மிச்சம் ஒரு கேள்விதான். எது புது பாட்டரி, எது பழசு? ஒவ்வொன்றிலும் பல்பைத் தொட்டுப் பார்த்தோம். உச்சி வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி சோகையாக எரிந்தன.

"இதான் பிரைட்டு" என்றேன்.

"மச்சான், நீ முடிச்ச அவுத்தவன். வாய மூடு. இதான்."

"சத்தியமா இதான்டா."

"அப்ப கண்டிப்பா அது இல்ல" என்று தன் கையிலிருந்ததைக் குடைக்குப் பற்றவைத்தான். ஈயம் ஆறும்வரை இரண்டு பேரும் அதை ஊதிக்கொண்டிருந்தோம். பிறகு அவன் அந்தப் பச்சை ஒயரில் மறுபடியும் இரண்டு முடிச்சுப் போட்டான்.

பூ கட்டிய ராக்கெட்

கொல்லையில் சாமைத் தாள் காலைக் குத்தியது. ராக்கெட்டை நிறுத்தினோம். கழுத்தில், துணியிலிருந்து மாற்றிக் கட்டிய கனகாம்பரம். விலாவிலிருந்து பின்னை உருவியதும், அன்வரின் கையடக்க ரேடியோ கத்த ஆரம்பித்தது. கீ… கீ… கீ…

சின்னப்பாப்பா பயப்படவில்லை. "குஞ்சு மாதிரி கத்துதே" என்றார்.

மருந்துக் குழலைப் பற்றவைக்கும் நீள ஒயரை இழுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் படுத்தோம். ஒயர் நுனியை இன்னொரு பாட்டரியில் யார் தொடவைப்பது என்று அன்வர் கேட்டான். நான் காதைப் பொத்தியிருந்ததால் கேட்கவில்லை. அவனே தொடவைத்தான்.

சத்தத்தில் கண்ணை மூடிவிட்டேன். மாதக்கணக்கில் செய்த ராக்கெட் கிளம்பிய நொடியை நான் பார்க்கவில்லை. திறந்தபோது ஒரு வெள்ளைக் கோடு வானத்தில் நிமிர்ந்து நின்றது. அதன் நுனியில் ஒரு புள்ளி. ரேடியோவில் கீ… கீ… ஒரு மாற்றமும் இல்லாமல்.

புள்ளி நின்றது. கவிழ்ந்தது. குடை வரவில்லை.

விழ ஆரம்பித்தது. குடை வரவில்லை.

"பழைய செல்லு" என்றான் அன்வர், மெதுவாக. "பழச குடைக்குப் போட்டுட்டேன்."

அந்த இழை மேலே எங்கோ, களைத்த செல்லை நம்பி, சிவக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடவே வந்திருந்த டீக்கடைக்காரர், சின்னப்பாப்பா, நாய்கள் எல்லோரும் அண்ணாந்திருந்தோம். மரங்களின் உச்சிக்குச் சற்று மேலே, இனி அவ்வளவுதான் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட கணத்தில், "வந்துட்ச்சி!" என்று அன்வர் என் சட்டையைக் கிழித்தான். நிஜமாகவே கிழித்தான்.

ரோஸ் கலர் பூத்திருந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு, கொல்லையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவுக் காட்டுக்குள் இறக்கியது.

அடங்குகிற பக்கம்

தேடிப் போனோம். ரேடியோவைத் திருப்பத் திருப்பச் சத்தம் ஏறி இறங்கும். அதன் முனை ராக்கெட்டைப் பார்க்கும்போது சத்தம் சுத்தமாக அடங்கிவிடும். ஆகவே சத்தம் கேட்காத பக்கமாகப் பார்த்து நடக்க வேண்டும். முள், பாறை, மறுபடி முள். சத்தம் பலமாகிக்கொண்டே வந்தது. இரண்டு நிமிடத்தில் சாக வேண்டியது, புது செல்லின் தெம்பில், மத்தியானம் முழுக்கக் கத்தியது.

ஒரு செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டோம். எதிரே கைக்கெட்டும் தூரம்போல் காடு. இறங்கிச் சுற்றி ஏற வேண்டும். வெயில் மஞ்சளாகிவிட்டது.

"பஸ்ஸு" என்றேன்.

அன்வர் உட்கார்ந்துவிட்டான். "இன்னும் கொஞ்ச நேரம் மச்சான்."

"உங்க வாப்பா என்னைக் கொன்னுடுவாரு."

"உனக்கு அதான் பயமா?"

என் வாழ்நாளில் நான் பயந்த அத்தனையையும் வரிசையாக நிறுத்தினால், அதற்கெல்லாம் முன்னால் நிற்கவேண்டிய பயம் அப்போது என் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ஆமாம்டா, உங்க வாப்பாதான்" என்றேன்.

நாங்கள் ரோட்டுக்கு வரும்போது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சின்னப்பாப்பா பஸ்ஸுக்குக் குறுக்கே நின்று எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார். "கெடைக்கலயா? போய்ட்டு வாங்க. ஆடு ஓட்டிக்கினு போறப்ப பாக்குறேன். கெடைச்சா எடுத்து வைக்கிறேன்."

போய்விட்டு வரவில்லை நாங்கள். அன்வர் நடுவில் இரண்டு முறை ஊருக்கு வந்தான். இரண்டு முறையும் கல்யாணத்துக்கு, ஒன்று தங்கைக்கு, ஒன்று தனக்கு. மலைக்குப் போகலாம் என்று இரண்டு முறையும் பேசினோம்.

அந்தச் சாயங்காலம், காலையில் உட்கார்ந்த அதே சீட்டு. அன்வர் ஜன்னலுக்கு வெளியே ரேடியோவை நீட்டிப் பிடித்திருந்தான். ஒவ்வொரு வளைவிலும் மலை நடுவில் வந்து சத்தத்தை மறைக்கும். திரும்பினதும் மறுபடி வரும், முன்னைவிடச் சின்னதாக. கீ… கீ… பிறகு இரைச்சலுக்குள் எங்கோ ஒரு கீ. பிறகு இரைச்சல்.

அவன் ரேடியோவை அணைக்கவில்லை. கண்டக்டர் வந்தார். காலையில் பார்த்த அதே ஆள்.

"இன்னா பாய், ரேடியோ கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. ஸ்டேஷனு தூரமாப் போய்ட்ச்சி."

"சாமிய மேல கட்டியாச்சா?"

"கட்டியாச்சுண்ணே. பூவோட."

கண்டக்டர் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார். அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தது. அன்வர் என்னைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் மடிமேல் வெறுங்காற்றைச் சுற்றிப் பிடித்து, அதைச் சாயாமல் நிமிர்த்தி வைத்திருந்தன. மலை ஏறினதிலிருந்து பழகிவிட்ட பிடி.

"வுட்று மச்சான்" என்றான் அன்வர்.

ஆலங்காயம் வரைக்கும் நான் விடவில்லை.